செல்மாவா, சம்னரா, மெம்ஃபிஸா?

வருகிற மார்ச்சில் எங்கள் கல்லூரிக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த வாரத்தில் 9 மாணவர்களும், வேனை மாற்றி மாற்றி ஓட்டவும் பொறுப்பேற்கவும் உடன்செல்லும் 2 பணியாளர்களுமாக 11 பேர் ஓஹாயோவின் தென்கோடியிலிருந்து கிளம்பி, அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் நடந்த ஊர்களுக்குச் சென்று, அங்கே உருப்படியாக ஒரு வேலையைச் செய்துவிட்டுத் திரும்புவது என்று முடிவாகியிருக்கிறது. உடன்செல்லும் இருவரில் நானும் ஒருத்தி. மாணவர்கள் மூன்று வழிகளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம், மாண்ட்கோமரி, செல்மா ஆகிய மூன்று ஊர்களைச் சுற்றிவருவது முதல் வழி. மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில் தொடங்கி, டெல்டா எனப்படும் பருத்திச் சமவெளிக்குள் சம்னர் வரை போவது இரண்டாவது. டென்னசியின் மெம்ஃபிஸையும் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கையும் சேர்த்துப் பார்ப்பது மூன்றாவது. மூன்றுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றாகவே வருவதால், பணத்தைக் காட்டி எதையும் தள்ளிவிட முடியாது.

இத்தகைய பயணங்களுக்குத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது பெயர் கொடுக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவியின் அப்பா தொலைபேசியில் அழைத்து, "மேடம், கோயில் குளம் பார்க்கிற மாதிரி எல்லா ஊரையும் பார்த்துவிட்டு வரட்டும், வேலை கீலையெல்லாம் எதற்கு?" என்று கேட்டார். அவரும் நானும் இந்நாட்டுக்கு வந்துசேர வழிவிட்ட குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தானது என்பதையும், செல்மாவில் அடிவாங்கியவர்கள் பெற்றுத் தந்த வாக்குரிமைச் சட்டத்தில் அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்ட் 6 அன்று, அதே குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன்தான் கையெழுத்திட்டார் என்பதையும் அவரிடம் சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கையுறை வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்று விசாரித்தார்.

ஆனால் அவர் எழுப்பிய கேள்வி உண்மையானது. சேவைப் பயணம் என்ற தொடரில் உள்ள இரண்டு சொற்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டேயிருப்பவை. பயணத்துக்கு இடம்கொடுத்தால் நாளுக்கொரு ஊர், வேளைக்கொரு நினைவிடம் என்று ஓடி, வேலை ஒரு பிற்பகலாகச் சுருங்கிவிடும். வேலைக்கே இடம்கொடுத்தால், எந்த மண்ணில் நின்று அதைச் செய்கிறோம் என்பதே தெரியாமல் திரும்பிவிடுவோம். ஆகையால் நினைவிடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு நான் ஒப்பிடப்போவதில்லை. அந்த ஊரில் உள்ள ஒருவர் தாமாக "இந்த வேலைக்கு ஆள் வேண்டும்" என்று கேட்டிருக்கிறாரா, கேட்டவர் வேலை நடக்கும்போது எங்களுடன் நிற்பாரா என்பதுதான் என் முதல் அளவுகோல். பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் வேனுக்குள்ளேயே கழியும் என்பது அடுத்தது. மனத்தை அழுத்தும் ஒன்றைப் பார்த்த நாளின் மாலையில், அதைப் பற்றி உட்கார்ந்து பேச நேரம் மிஞ்சுமா என்பதையும் பார்க்கிறேன்; ஒரே நாளில் இரண்டு பெரிய அருங்காட்சியகங்களைப் பார்த்த மாணவர்கள் இரவில் பீட்சாவை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் செல்பேசியைத் தடவிக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வயிறு போலத்தான் மனமும்; அளவுக்கு மேல் வாங்காது.

அலபாமா வழியின் பெரும் வசதி, தூரங்கள் சிறியவை என்பது. பர்மிங்காமிலிருந்து மாண்ட்கோமரி சுமார் 90 மைல், அங்கிருந்து செல்மா சுமார் 50 மைல். இந்த முக்கோணத்துக்குள் 1955 முதல் 1965 வரையிலான பத்தாண்டுப் போராட்டத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று கைதானதைத் தொடர்ந்து 381 நாட்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பு மாண்ட்கோமரியில் நடந்தது. 1963 மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்து, காவல் நாய்களையும் தீயணைப்புக் குழாயின் நீர்வேகத்தையும் எதிர்கொண்டது பர்மிங்காமின் கெல்லி இங்ரம் பூங்காவில். பூங்காவுக்கு எதிர்முனையில் இருக்கும் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அதே ஆண்டு செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை வெடித்த குண்டு, வழிபாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகளைக் கொன்றது. அவர்களில் மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. அந்தத் தேவாலயத்தில் இன்றும் ஞாயிறுதோறும் வழிபாடு நடக்கிறது என்பதால், அருங்காட்சியகத்துக்குள் நுழைவதுபோல் கேமராவைத் தூக்கிக்கொண்டு நுழையாமல், வழிபாட்டில் பின்வரிசையில் அமர்ந்து எழுவதே மரியாதை என்பது என் கருத்து.

மாண்ட்கோமரிக்கு இன்று மக்கள் கூட்டமாக வருவதற்கு முதன்மையான காரணம், வழக்கறிஞர் பிரயன் ஸ்டீவன்சன் 1989இல் நிறுவிய சம நீதி முனைவு அமைப்பு 2018 ஏப்ரலில் திறந்த இரண்டு இடங்கள்: அடிமை முறையிலிருந்து இன்றைய சிறைகள் வரையிலான வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும், கும்பல் கொலைகளுக்கு ஆளான கறுப்பின மக்களுக்காக ஒரு மேட்டின்மேல் எழுப்பப்பட்ட நினைவகமும். நினைவகத்தில் 800க்கும் மேற்பட்ட துருநிற எஃகுப் பெட்டகங்கள் இருக்கின்றன. கொலை நடந்த மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த அவற்றில் 4,400க்கும் மேற்பட்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். பெயர் தெரியாதவர்களுக்கு 'அறியப்படாதவர்' என்றே பொறித்திருக்கிறார்கள். நுழையும்போது பெட்டகங்கள் நம் கண்மட்டத்தில், ஆள் நிற்பதுபோல் நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை கீழே சரிந்துகொண்டே போகிறது. பெட்டகங்களோ இருந்த உயரத்திலேயே இருப்பதால், மூன்றாவது பக்கம் திரும்பும்போது அவை நம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எங்களுடன் முன்பு வந்த ஒரு மாணவன், தன் சொந்த மாவட்டத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அண்ணாந்து பார்த்தபடியே நெடுநேரம் நின்றான். இந்த ஓர் இடத்துக்காகவே மாண்ட்கோமரியை எந்தத் திட்டத்திலும் சேர்க்கலாம் என்பேன். ஆனால் அங்கே பார்ப்பதற்குத்தான் இடமுண்டு, ஒரு வாரத்துக்கு வந்துபோகும் கல்லூரிப் பிள்ளைகளின் கைவேலைக்கு அங்கே தேவை குறைவு.

செல்மாவின் நிலை அதற்கு நேர்மாறானது. 1960இல் 28,000ஐத் தாண்டியிருந்த அந்த ஊரின் மக்கள்தொகை 2020இல் சுமார் 18,000 ஆகிவிட்டது. ஊருக்குச் சோறு போட்ட விமானப்படைத் தளம் 1977இல் மூடப்பட்டது. அதன்மேல் 2023 ஜனவரி 12 அன்று ஒரு சூறாவளி ஊரின் நடுவே கிழித்துக்கொண்டு போனது. 1965இல் அந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் சுமார் 2 விழுக்காட்டினரே வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள் என்பதையும், அதை மாற்றக் கேட்டு மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஏறிய சுமார் 600 பேரை மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள் என்பதையும் பாடநூலில் படித்துவிட்டு வரும் மாணவர்கள், பாலத்தை இறங்கியதும் வெறிச்சோடிய கடைத்தெருவைப் பார்த்துத் திகைத்துப்போகிறார்கள். அன்று ஊர்வலம் புறப்பட்ட பிரவுன் சேப்பல் தேவாலயமே கறையானால் அரிக்கப்பட்டு, 2022இல் அழியும் நிலையிலுள்ள வரலாற்று இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் மார்ச் முதல் வாரத்தில் நினைவு விழாவுக்கு அரசியல் தலைவர்கள் வந்து பாலத்தில் நடந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், பிறகு அடுத்த மார்ச் வரை எங்களைக் கேட்பாரில்லை என்ற ஆதங்கத்தை அந்த ஊர்க்காரர்களிடம் பேசும் எவரும் கேட்கலாம். ஆகவே வேலை என்று தேடினால் அங்கே இருக்கிறது. ஆனால் எந்த வேலை என்பதில்தான் கவனம் வேண்டும்.

இதில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் அலபாமாவின் ஒரு சிற்றூரில், கறுப்பின மக்களின் பழைய இடுகாடு ஒன்றைத் துப்புரவு செய்யப் போயிருந்தோம். கல்லறைக் கற்கள் சிலவே இருந்தன. மற்ற இடமெல்லாம் புதரும் கொடியும் மண்டிக் கிடந்தது. பிள்ளைகள் உற்சாகமாக இறங்கி, பளபளப்பான இலையும் ஊதாப் பூவும் கொண்ட ஒரு தரைக்கொடியை வேரோடு பிடுங்கிக் குவிக்கத் தொடங்கினார்கள். இடுகாட்டைக் கவனித்துக்கொள்ளும் மூதாட்டி, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்துவந்து சேர்வதற்குள் பாதி மூலை வெறுந்தரையாகியிருந்தது. கல் வாங்க வசதியில்லாதவர்கள் புதைத்த இடத்தை மறந்துவிடாமலிருக்க நட்ட செடி அது என்று அவர் சொன்னார். அந்தக் கொடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுதான் கல்லறையின் எல்லை. எங்கள் கையுறைகளில் மண் ஒட்டியிருந்தது. என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகுதான் நான் யோசித்தேன்: நித்தியகல்யாணிக்கு நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றொரு பெயர் உண்டு, இந்தக் கொடி அதன் பங்காளிதான். பெயரிலேயே இருந்த செய்தியை, அந்தப் பெயரைச் சொல்லி வளர்ந்த நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அன்று முதல், வேலையைத் தொடங்குமுன் அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்களுடன் ஒரு சுற்று நடந்து, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று காட்டும் வரை ஒரு கத்தரிக்கோலும் பையிலிருந்து வெளியே வராது. கல்லறைக் கற்களுக்கும் இதே கதைதான். சலவைத் தூளும் கம்பி பிரஷும் கல்லைத் தின்றுவிடும், தண்ணீரும் மென்மையான பிரஷும் பொறுமையும் மட்டுமே போதும்.

மிசிசிப்பி வழியை ஆதரித்து எழுதிய மாணவியின் வாதம் வலுவானது. மூன்றிலும் ஆழமானது அதுதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி மாணவர்கள் வெளியூரிலிருந்து உதவிக்கு வருவது என்ற எண்ணத்தையே உரசிப் பார்த்த மண் அது. 1964 கோடையில், போராட்ட அமைப்பாளர் ராபர்ட் மோசஸ் முன்னின்று நடத்திய திட்டத்தின்படி, 700க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் வடமாநில வெள்ளைக்கார மாணவர்கள், வாக்காளர் பதிவுக்கும், கறுப்பினப் பிள்ளைகளுக்கான சுதந்திரப் பள்ளிகளுக்குமாக மிசிசிப்பிக்குப் போனார்கள். அவர்களை அழைக்கலாமா கூடாதா என்று போராட்டக்காரர்களுக்குள்ளேயே கடும் விவாதம் நடந்தது. கறுப்பினத்தவர் செத்தால் செய்தியாகாத நாட்டில், வசதியான வீட்டு வெள்ளைப் பிள்ளைகள் வந்தால்தான் பத்திரிகைகளும் மத்திய அரசும் திரும்பிப் பார்க்கும் என்று ஒரு தரப்பு சொன்னது. நன்றாகப் பேசவும் தட்டச்சு செய்யவும் தெரிந்த அவர்கள் வந்தால், அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த உள்ளூர்த் தலைவர்கள் பின்னுக்குப் போய்விடுவார்கள் என்று மற்றத் தரப்பு அஞ்சியது. இரண்டும் நடந்தன. சிறைக்குப் போனால் பிணைக்கு 500 டாலர் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. இன்று எங்கள் மாணவர்களிடம் நாங்கள் கேட்பது உறங்கு பை.

அந்தத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி நடந்த இடம் எங்களுக்கு வெகு தொலைவில் இல்லை. சின்சினாட்டிக்கு வடமேற்கே உள்ள ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில், அன்று பெண்கள் கல்லூரியாகவும் இன்று மயாமி பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாகவும் உள்ள வளாகம் அது. அங்கே பயிற்சி பெற்ற ஆண்ட்ரூ குட்மன் என்ற 20 வயது மாணவர், ஜூன் 20 அன்று மிசிசிப்பிக்குப் போய்ச் சேர்ந்தார். எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்வையிடப் போன அவரும், போராட்டத்தில் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் சேனியும், மைக்கேல் ஷ்வெர்னரும் மறுநாள் இரவே கொல்லப்பட்டார்கள். ஓர் அணைக்கரையின் மண்ணுக்குள்ளிருந்து ஆகஸ்ட் 4 அன்று அவர்களின் உடல்கள் எடுக்கப்பட்டன. எந்த வழியைத் தேர்ந்தாலும், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய், மரங்களுக்கிடையே இருக்கும் அந்த நினைவிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என்று நான் தனியாக முடிவு செய்திருக்கிறேன். அதற்கு விடுமுறையும் வேண்டாம், விடுதியும் வேண்டாம்.

டெல்டாவுக்குள் போனால் எம்மெட் டில்லின் கதை நம்மைத் தொடர்ந்து வரும். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த அந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை 1955 ஆகஸ்ட் 28 அன்று கொன்றவர்களை, சம்னர் நீதிமன்றத்தில் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு 67 நிமிடங்களில் விடுவித்தது. மறு ஆண்டே அவர்கள் ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். அந்த நீதிமன்றம் அன்றிருந்த கோலத்துக்கே புதுப்பிக்கப்பட்டுள்ளது. எதிரே உள்ள விளக்க மையத்தில் இருப்பவர்கள் அதை அலங்கரித்துச் சொல்வதில்லை. உடல் கரையேறியதாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் 2008இல் நட்ட பெயர்ப்பலகையைத் திருடினார்கள், அடுத்ததைச் சுட்டுத் துளைத்தார்கள், அதற்கடுத்ததையும் சுட்டார்கள், 2019இல் குண்டு துளைக்காத எஃகில் நான்காவதை நட்டார்கள். கறுப்பின மக்களின் பழைய வரலாறு என்று எண்ணிக்கொண்டு வரும் மாணவனை, நேற்றைய துப்பாக்கிக் குண்டின் முன் நிறுத்தும் இடம் அது. 2023 ஜூலையில் அந்தக் கரையும் நீதிமன்றமும் தேசிய நினைவுச்சின்னத்தின் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

இவ்வளவு இருந்தும் இந்த ஆண்டுக்கு மிசிசிப்பி வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் தூரம் மட்டுமல்ல. தூரமும் ஒரு காரணம்தான். எங்கள் ஊரிலிருந்து ஜாக்சனுக்கே 10 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். 2017இல் மாநில அரசின் பணத்திலேயே கட்டித் திறக்கப்பட்ட குடிமை உரிமை அருங்காட்சியகமும், 1963 ஜூனில் தம் வீட்டு முற்றத்தில் சுடப்பட்ட குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் வீடும் ஜாக்சனில் இருக்கின்றன. சம்னர் அங்கிருந்து இரண்டு மணி நேரம். வாக்காளராகப் பதியப் போனதற்காக 1962இல் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்ட ஃபேனி லூ ஹேமரின் கல்லறை இருக்கும் ரூல்வில் டெல்டாவுக்குள் இன்னொரு பக்கம். வயல்களுக்கு நடுவே நேர்கோடாகப் போகும் சாலைகளில், 11 பேரும் சேர்ந்து தங்கவும் உண்ணவும் இடம் அரிது. இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது, எங்கள் மாணவர்கள் அங்கே செய்வதாக எழுதியிருக்கும் வேலை: பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பாடம் சொல்லிக் கொடுப்பது. திங்கட்கிழமை பெயர் கேட்டு, வியாழக்கிழமை சிரித்துப் பழகி, வெள்ளிக்கிழமை கையசைத்துவிட்டுப் போகும் அண்ணன் அக்காக்களை அந்தப் பிள்ளைகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். பின்னக் கணக்கு அதனால் ஒருவருக்கும் வந்துவிடாது. ஆசிரியைக்குத்தான் ஒரு வாரப் பாடம் பின்தங்கும். 1964இன் சுதந்திரப் பள்ளிகள் ஒரு கோடை முழுதும் நடந்தவை, அவற்றை ஒரு வாரத்துக்குள் மடக்கிவிட முடியாது. ஏற்கெனவே ஒருமுறை தெற்கே போய்வந்த நான்கைந்து மூத்த மாணவர்கள், கோடையில் ஆறு வாரம் தங்க முடியுமானால், நான் கண்ணை மூடிக்கொண்டு டெல்டாவுக்குத்தான் அனுப்புவேன்.

மெம்ஃபிஸ் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுடப்பட்ட லொரைன் விடுதி 1991இல் தேசியக் குடிமை உரிமை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 306ஆம் எண் அறையையும் அதன் மாடத்தையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அவர் அந்த ஊருக்கு வந்த காரணம்தான் எங்கள் மாணவர்களுக்கு அதிகம் தெரியாதது. பிப்ரவரி 1 அன்று குப்பை லாரியின் அரைக்கும் பகுதியில் சிக்கி எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு துப்புரவுத் தொழிலாளர்கள் நசுங்கி இறந்தார்கள்; அதையடுத்து சுமார் 1,300 பேர், "நானும் ஒரு மனிதன்" என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பேருந்து இருக்கையோடு போராட்டம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்குக் கூலியையும் யூனியனையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இரண்டேகால் மணி நேரத் தொலைவில் உள்ள லிட்டில் ராக்கில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்துவந்து, 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவக் காவலோடு நுழைந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி இன்றும் பள்ளியாகவே இயங்குகிறது. முன்கூட்டியே பதிவு செய்தால் பூங்காத் துறையின் வழிகாட்டி உள்ளே அழைத்துச் செல்வார்.

சாலை நல்லது, விடுதிகள் உண்டு, பெரிய உணவு வங்கிகளில் தன்னார்வலர்களை வரவேற்கத் தனி அலுவலரே இருப்பார், ஒரு மின்னஞ்சலில் எல்லாம் முடிந்துவிடும். முதலாண்டு மாணவர்களையோ நான்கு நாள் விடுமுறையையோ வைத்துக்கொண்டு யாராவது என்னிடம் யோசனை கேட்டால், தயங்காமல் இந்த வழியைச் சொல்வேன். ஆனால் தகர டப்பாக்களைத் தேதி பார்த்துப் பிரிக்கும் வேலையை எங்கள் ஊர் உணவுக் கிடங்கிலேயே வாரந்தோறும் செய்யலாமே, அதற்கு ஏன் 480 மைல் என்ற கேள்விக்கு அந்தத் திட்டத்தில் விடையில்லை. மேலும், லொரைன் விடுதியில் கடைசியாகக் குடியிருந்து 1988இல் வெளியேற்றப்பட்ட ஒரு பெண்மணி, ஏழைகளுக்கு வீடு கட்ட வேண்டிய பணத்தில் அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்டு, எதிர்ப்புறத் தெருமுனையில் பல பத்தாண்டுகளாக மறியல் செய்திருக்கிறார். மெம்ஃபிஸுக்குப் போகும் எவரும் உள்ளே நுழையுமுன் அந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டே நுழைவது நல்லது.

இறுதியில் நான் அலபாமாவைத்தான் பரிந்துரைத்தேன். ஆனால் மாணவர்கள் எழுதிய முக்கோணத்தை அல்ல. அவர்கள் நாளுக்கு ஓர் ஊரும் நடுவில் ஒரே ஒரு நாள் வேலையும் போட்டிருந்தார்கள். அதைத் திருப்பிப்போட்டு, செல்மாவையே தங்குமிடமாக்கி, முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளை மட்டும் மற்ற இரண்டு ஊர்களுக்கு ஒதுக்கினோம். சனிக்கிழமை கிளம்பி இரவு பர்மிங்காமில் தங்கல். ஞாயிறு காலை வழிபாடு, பிறகு பூங்கா, மாலைக்குள் செல்மா. திங்கள் முதல் வியாழன் வரை காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை வேலை. பிற்பகலில் பாலமும், அன்று பள்ளிப் பிள்ளைகளாக ஊர்வலத்தில் நடந்து இன்று முதியவர்களாகிவிட்டவர்களுடன் பேச்சும். அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று செலவுப் பட்டியலில் தனி வரி சேர்த்திருக்கிறேன்; பட்ட அடியைத் திரும்பத் திரும்ப இலவசமாகச் சொல்லச் சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை. வெள்ளிக்கிழமை, 1965 மார்ச் 21 முதல் 25 வரை நடந்த 54 மைல் ஊர்வலத்தின் அதே திசையில், 80ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக மாண்ட்கோமரிக்குப் போகிறோம். இடையில் வரும் லவுண்ட்ஸ் மாவட்டத்தில், கழிவுநீரை உறிஞ்சாத களிமண்ணால் இன்றும் பல வீடுகளின் பின்புறத்தில் சாக்கடை திறந்து கிடப்பதைப் பற்றி ஒரு மாணவி அந்த வழியிலேயே பேசுவாள். மாண்ட்கோமரியை வாரக் கடைசியில் வைத்ததற்கு வேறொரு நடைமுறைக் காரணமும் உண்டு: தென்மாநில அருங்காட்சியகங்கள் பலவும் வாரத் தொடக்கத்தில் மூடியிருக்கும், பூட்டிய கதவின் முன் வேனை நிறுத்தி நின்ற அனுபவம் ஒருமுறை போதும். விழாக் கூட்டத்தில் சிக்காமலிருக்க, மார்ச் முதல் வாரத்தையும் தவிர்த்துவிட்டோம்.

வேலை எது என்பதை நாங்கள் எழுதாமல், செல்மாவுக்கு அருகிலுள்ள ஒரு தேவாலயத்தின் செயலாளருக்கு டிசம்பரில் கடிதம் எழுதிக் கேட்டோம். 11 பேர் வருகிறோம், எந்த வேலையானாலும் செய்கிறோம் என்று எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இடுகாட்டுக்கு ஆறு பேர் போதும், அதற்கு மேல் வந்தால் கல்லறைகளை மிதிப்பார்கள். பெயர் அச்சடித்த சட்டைகளுக்குச் செலவழிக்க வேண்டாம், நல்ல வெட்டுக்கத்தரி நான்கு கொண்டுவாருங்கள். மார்ச்சில் எங்கள் மக்களுக்கு வருமான வரிப் படிவம் நிரப்பத்தான் ஆள் கிடைப்பதில்லை, உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது அது தெரியுமா என்று அதில் இருந்தது. வரித் துறையே நடத்தும் இலவச உதவித் திட்டத்தில் உட்கார, இணையத்தில் படித்துத் தேர்வெழுதி 80 விழுக்காடு பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். கணக்கியல் படிக்கும் மூவரும், அரசியல் படிக்கும் ஒருத்தியும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் முறை எழுதியபோது இருவர் தேறவில்லை. பிப்ரவரி 10க்குள் மறுபடி எழுதுகிறார்கள். ஐந்தாவது ஆளாக நானும் அந்தப் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.